கயிறு இல்லாத முடிச்சு

"என் வீட்டுக்காரர் உயிரோட இருக்கார். அவரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் அந்தப் பெண் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்த துணியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை எதுவும் தேவையில்லை. ஆனாலும் பளிச் என்று எல்லாரும் கூப்பிடும் மனிதர் அதைக் கண்டுபிடித்துவிட்டு, பெருமையாகத் தன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி தன் டீயைக் குடித்து முடிப்பதிலேயே கவனமாக இருந்தார்.

அண்ணி கப்பல் காப்பீட்டுக் கம்பெனியில் சேதம் பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் எட்டிப் பார்ப்பார் என்று துறைமுகத்தில் கேலி செய்வார்கள். அங்கே அவருக்கு நிதானம் என்றே பெயர். பளிச் அவருடைய கொழுந்தன். போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். எல்லார் கையிலும் போன் வந்து ஊரே போட்டோகிராபர் ஆன பிறகு, பிழைப்பு போய், அண்ணியின் துப்பறியும் வேலைக்கு எடுபிடியாக வந்து சேர்ந்தார். "எடுபிடி இல்ல, பார்ட்னர்" என்று அவர் திருத்துவார். அண்ணி மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

"உக்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு" என்றார் அண்ணி.

அவள் உட்கார்ந்தாள். கணவர் துறைமுகத்தில் டைவர். கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்வது, கப்பல் அணையும் மேடையின் தூண்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. கல்யாணமான புதிது. ஒரு மழை நாளில் கடலுக்குள் இறங்கினார். இடுப்பு பெல்ட்டின் இரும்பு வளையத்தில் நார்க்கயிற்றைக் கட்டியிருந்தார். படகில் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவளுடைய சொந்த அண்ணன். அன்று அண்ணன் மட்டும் வீட்டுக்கு வந்தார். கயிற்றை இழுத்தால் நுனி வெறுமையாக வந்தது, மாப்பிள்ளை தானே முடிச்சை அவிழ்த்துவிட்டு எதிர்க்கரைக்கு நீந்திப் போய்விட்டார், வேறு எங்கோ போகப் போவதாக ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார், அங்கே வேறு யாரோ இருக்கலாம், மறந்துவிடு என்றார். உடல் எதுவும் கரை ஒதுங்கவில்லை.

"விட்டுட்டுப் போனவர்னா என்னைக்காவது வருவார் இல்லீங்களா? செத்தவங்கதானே வர மாட்டாங்க? அதனால ஓடிட்டார்னு ஊரே சிரிச்சப்பவும் எனக்குப் பரவாயில்லாம இருந்துச்சு" என்றாள் அவள். தலைமுடியில் பாதி நரைத்திருந்தது.

போன மாதம் துறைமுகத்தில் தூர்வாரியபோது ஒரு கட்டி மேலே வந்தது. முஷ்டி அளவில், துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய கட்டி. உடைந்த ஒரு மூலையில் டைவர் பெல்ட்டின் வளையம் தெரிந்தது. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடலில் கிடந்து துருப்பிடித்த இரும்பை ஆராயும் விஞ்ஞானி ஒருவர் அதைச் சிங்க்ரோட்ரான் என்கிற பெரிய கதிர்க்கூடத்தில் எக்ஸ்ரே எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும், அவரிடம் போய் அழுதிருக்கிறாள். அவளுடைய கணவர் இடது கைக்காரர். எந்த முடிச்சையும் மற்றவர்கள் கட்டுவதற்கு நேர்மாறாகக் கட்டுவார். வீட்டில் அவர் கட்டிய துணிக்கொடி இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து அந்த விஞ்ஞானிக்குக் கொடுத்திருந்தாள்.

"நேத்து கட்டியைத் திருப்பிக் குடுத்து பதிலும் சொன்னாங்க. கட்டிக்குள்ள இருக்கிறது வலது கைக்காரர் போட்ட முடிச்சாம். அவரோடது இல்லையாம்!" அவள் சிரித்தாள். சிரித்துப் பழக்கம் விட்டுப்போன முகம் அது. உடனே கண் கலங்கியது. "எங்க குவார்ட்டர்ஸை இடிக்கப் போறாங்க. எல்லாரும் காலி பண்ணியாச்சு, நான் ஒருத்திதான் பாக்கி. அவர் வந்தா அந்தக் கதவைத்தான் தட்டுவார். கதவே இல்லன்னா எங்க போய்த் தட்டுவார்? அதுக்குள்ள அவரைத் தேடிக் குடுத்துடுங்க."

அண்ணி கையை மட்டும் நீட்டினார். அவள் துணிப்பையிலிருந்து கட்டியையும் ஒரு கத்தை படங்களையும் எடுத்துக் கொடுத்தாள்.

படங்கள் சாம்பல் நிறத்தில் மிகத் துல்லியமாக இருந்தன. கட்டியைச் சீவிச் சீவி அடுக்கியதுபோல ஒவ்வொரு உள்ளடுக்கும் தனித்தனியாகத் தெரிந்தது. கூடவே முழுக்கட்டியின் உருவமும் இருந்தது. "ஐயோ, இதைப் பாருங்கண்ணி, நுனி மேல நிக்க, இடது பக்கமா வாயைப் பிளந்துகிட்டு ஒரு குட்டிச் சங்கு ஒட்டிகிட்டிருக்கு" என்று பளிச் ரசித்தார். அவர் எதையும் படமாகத்தான் பார்ப்பார். அண்ணி விளக்கக் குறிப்பைப் படித்தார். கயிறு எப்போதோ மக்கிப் போய்விட்டது. அதைச் சுற்றி இறுகிய சுண்ணாம்பில், கயிறு இருந்த இடம் மட்டும் குழாய்போல வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைதான் முடிச்சு. உடைத்தால் அது தூளாகிவிடும். ஆஸ்பத்திரி ஸ்கேனில் வெறும் மங்கலாகத்தான் தெரியும். இந்தக் கதிரிலோ குழாயின் சுவரில் நாரின் முறுக்குத் தடம்கூடப் பதிந்திருந்தது தெரிந்தது. பெல்ட்டின் பக்கிள் மாட்டியபடியே இருப்பதாக ஒரு வரி போகிற போக்கில் எழுதப்பட்டிருந்தது.

அந்த வரியில் அண்ணியின் விரல் நின்றது.

அவள் போனதும் பளிச் பொறுக்க முடியாமல் எழுந்தார். "அண்ணி, எனக்கு விளங்கிடுச்சு! அந்தம்மா துணிக்கொடியைப் போன்ல முன்பக்கக் கேமராவால எடுத்திருக்கும். செல்பி எடுத்தா இடம் வலம் மாறிடும். தப்பு போட்டோல இருக்கு!"

"நல்ல யோசனை தம்பி. வாங்க, போய்ப் பாத்துடலாம்" என்றார் அண்ணி. அவர் நல்ல யோசனை என்று சொன்னால் அது தப்பு யோசனை என்று பளிச்சுக்குத் தெரியும். இருந்தாலும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

குவார்ட்டர்ஸில் ஜன்னல்களையெல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் வீட்டில் மட்டும் திரைச்சீலை ஆடியது. உள்ளே தையல் மிஷின், வெட்டிய துணிகள், சுவரில் ஓர் ஆண் சட்டை. அந்தச் சட்டையின் காலர் புதிதாக மாற்றித் தைக்கப்பட்டிருந்தது. போடாத சட்டைக்கு எதற்குப் புதுக் காலர் என்று கேட்க வாயெடுத்த பளிச், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவளுக்குத் தையல்தான் தெரியும். காத்திருப்பதையும் அவள் தைத்துத்தான் காத்திருந்தாள்.

துணிக்கொடியின் முடிச்சையும் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இம்மியும் மாறவில்லை. போட்டோ நேராகத்தான் இருந்தது. பளிச்சின் முகம் தொங்கிப்போனது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணன் அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். வீடு மாற்றும் சாமான்களைக் கட்டுவதற்காக. வாட்டசாட்டமான மனிதர், ஆனால் தங்கையின் வீட்டுக்குள் அவர் நடந்த நடையில் ஒரு பயம் இருந்தது. அண்ணி எக்ஸ்ரே படத்தை அவரிடம் நீட்டினார்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கிய பெருமூச்சு. "இது எங்க கயிறே இல்லீங்க. முடிச்சை விடுங்க, முறுக்கே வேற. இப்படி எதிர்ப்பக்கம் முறுக்கின கயிறை நான் இந்தத் துறைமுகத்துல பாத்ததே இல்ல. எந்தக் கடையிலயும் கிடையாது."

"டைவர்ங்க பெல்ட்டைத் தொலைக்கிறது உண்டா?"

"ஏன் இல்லாம? மூச்சு முட்டினா பக்கிளைத் தட்டி விட்டுட்டு மேல வந்துடுவாங்க. கீழ எத்தனையோ பெல்ட் கிடக்கும்."

"டைவர் யாராவது வராமப் போனது உண்டா?"

"இல்லீங்க. மாப்பிள்ளை ஒருத்தர்தான்." அவர் தங்கையைப் பார்க்காமல் சொன்னார். "அவரும் ஓடிப்போனவர்தானே."

அண்ணி கட்டியைத் தூக்கிப் பளிச்சின் கையில் கொடுத்து, பெல்ட் வளையம் கீழே இருக்கும்படி பிடிக்கச் சொன்னார். "பாத்துப் பிடிங்க தம்பி."

"கையைக் கிழிக்குதண்ணி இந்தச் சங்கு" என்று பளிச் வலது பெருவிரலை உதறினார். சங்கின் நுனி மேலே பார்த்திருந்தது. அதன் வாயின் கூர்மையான விளிம்புதான் அந்த விரலைப் பதம் பார்த்திருந்தது.

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அண்ணன் தங்கை இருவரையும் பார்த்து, "நாளைக்கு ரெண்டு பேரும் என்னோட வாங்க. அந்தக் கதிர்க்கூடத்துக்குப் போவோம்" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் பளிச்சுக்கு மட்டும் கேட்டது.

சிங்க்ரோட்ரான் கூடம் விளையாட்டு மைதானம்போல வட்டமாக, கூரை போட்டு இருந்தது. "எலெக்ட்ரானை இந்த வட்டத்துக்குள்ள ஓட்டோ ஓட்டுன்னு ஓட்டுவோம். வளையிற இடத்துலல்லாம் அது எக்ஸ்ரேயை வீசி எறியும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை விடப் பல மடங்கு பலம், அவ்வளவு மெல்லிசு" என்று விளக்கினார் விஞ்ஞானி. கலைந்த தலையும் அன்பான முகமும் கொண்ட இளம்பெண். தையற்காரியைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சந்தோஷமா இருக்கீங்களா அக்கா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

ஈயக் கதவு போட்ட சிறிய அறைக்குள் ஒரு சுழலும் மேடை இருந்தது. கட்டியை அதன்மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் நிழல் பிடிப்பார்கள். பின்னால் இருக்கும் கண்ணாடித் தகட்டில் எக்ஸ்ரே பட்டதும் அது ஒளிரும். அந்த ஒளியைக் கேமரா எடுக்கும். ஆயிரக்கணக்கான நிழல்களைக் கம்ப்யூட்டர் சேர்த்து முழு உருவமாக்கும்.

"கேமரா கதிருக்கு நேர் எதிர்ல இருக்கா டாக்டர்?" என்று கேட்டார் அண்ணி.

"ஐயோ, நேரா வச்சா கதிர் பட்டே கேமரா செத்துடும். தகட்டுக்குப் பின்னால ஒரு முகம் பாக்கிற கண்ணாடியைச் சாய்ச்சு வச்சு, பக்கவாட்டுல..." விஞ்ஞானியின் பேச்சு பாதியில் நின்றது.

"கண்ணாடி" என்றார் அண்ணி மெதுவாக.

"கண்ணாடில இடம் வலமா மாறும். அதைத் திருப்பிப் போடணும். பழைய கேமரா தானே திருப்பிக்கும். இந்தத் தடவை புதுக் கேமரா மாத்தினோம்..." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "துருப்பிடிச்ச ஆணியும் கல்லும்தானே எப்பவும் வைக்கிறோம். அதுக்கு ஏது இடம் வலம்? யாருமே கவனிக்கல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சங்கு சொல்லுச்சு" என்றார் அண்ணி. கட்டியை மேசைமேல் வைத்து, பக்கத்தில் படத்தை வைத்தார். "நுனியை மேல வச்சா நிஜச் சங்குக்கு வாய் வலப்பக்கம். நம்ம தம்பி விரலே சாட்சி. படத்துல அதே சங்குக்கு வாய் இடப்பக்கம். ஒரே சங்குக்கு ரெண்டு வாய் இருக்க முடியாது."

பளிச் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பிலிமைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்காங்க! அண்ணி, தப்பு போட்டோலதான்னு நான் சொன்னேனே!"

"சொன்னீங்க தம்பி. எந்தப் போட்டோங்கிறதுல மட்டும்தான் தவறிட்டீங்க."

விஞ்ஞானி அதற்குள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டளை மாறியது. திரையில் உருவம் மறுபடி கூடி வந்தது. வளையம், பக்கிள், அதைச் சுற்றிய வெறுமையான குழாய். முடிச்சு மறுபக்கம் திரும்பியிருந்தது. துணிக்கொடியில் இருந்த அதே முடிச்சு.

தையற்காரி திரையைப் பார்த்தாள். அவள் எத்தனையோ முறை அந்த முடிச்சின் கீழ் ஈரத்துணி காயப்போட்டவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்திலிருந்து நேற்றைய சிரிப்பு மெல்ல இறங்கிப் போவதைப் பளிச் பார்த்தார். பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பிக்கொண்டார். உண்மையைக் கண்டுபிடிப்பதில் இப்படி ஒரு பாவம் இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் உறைத்தது.

அண்ணி அவளுடைய அண்ணன் பக்கம் திரும்பினார்.

"பக்கிளைப் பத்தின வரியைப் படிச்சப்பவே எனக்குச் சந்தேகம். பெல்ட்டை நழுவ விட்டவங்க பக்கிளைத் திறந்துதான் விட்டிருப்பாங்க. இது மாட்டினபடி இருக்கு. வராமப் போன டைவர் ஒருத்தர்தான்னு நீங்களே சொன்னீங்க. அப்ப இது அவரோடதா இருக்கணும். முடிச்சு மட்டும் இல்லங்குது. அப்புறம் நீங்க கயிறோட முறுக்கைச் சொன்னீங்க. பொய் சொல்லல, கண்ணுல பட்டதை அப்படியே சொன்னீங்க. ஊர்லயே இல்லாத எதிர்முறுக்குக் கயிறு, அதுல ஊர்லயே இல்லாத சங்கு. கயிறை எதிரா முறுக்கலாம், சங்கை யார் முறுக்குவாங்க? மாறினது பொருள் இல்ல, படம்னு அப்பதான் புரிஞ்சுது. படத்தைத் திருப்பினா முறுக்கு உங்க கயிறோடது, முடிச்சு உங்க மாப்பிள்ளையோடது."

"ஒருவேளை..." என்று பளிச் இழுத்தார். "பெல்ட்டோட சேத்துக் கழட்டி விட்டுட்டு நீந்திப் போயிருந்தா?"

"முடிச்சு வளையத்துல இருந்தா, மேல கயிறை இழுக்கிறப்ப பெல்ட்டும் கூடவே வந்திருக்கணும் தம்பி. வரல. கயிறு வெறும் நுனியோட வந்துச்சுன்னு இவர் சொன்னார். முடிச்சோ கீழ இருக்கு. அப்ப கயிறு நடுவுல அறுந்திருக்கு. இல்லன்னா..."

"நான்தான் அறுத்தேன்" என்றார் அண்ணன்.

நின்றுகொண்டிருந்தவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். திடீரென்று காற்று எழுந்தது, படகு பாறைப் பக்கம் அடித்துக்கொண்டு போனது, கயிறு படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது. ஓட்டுபவர் அறு அறு என்று கத்தினார். இவர் அறுத்தார். இன்ஜின் கிளம்பியதும் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடினார்கள். இருட்டும்வரை தேடினார்கள்.

"நான் அறுத்துட்டேன்னு உன் முகத்தைப் பாத்து எப்படிச் சொல்வேன்?" அவர் தங்கையைப் பார்த்து அழுதார். "ஓடிட்டார்னு சொன்னா, நீ கொஞ்ச நாள் அழுதுட்டு வேற வாழ்க்கையைப் பாத்துக்குவேன்னு நினைச்சேன். நீ உக்காந்தே இருந்தே. ஒவ்வொரு தடவையும் சொல்லிடலாம்னுதான் வருவேன். நான் தட்டினதும் ஓடி வந்து திறப்பே. என்னைப் பாத்ததும் உன் முகம் வாடும். அப்புறம் எங்கேர்ந்து சொல்றது?"

வெளியே அடுத்த குழுவினர் தங்கள் கல்லையும் எலும்பையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இங்கே கதிர் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒருவர் கண்ணாடி வழியாகக் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினார். விஞ்ஞானி தலையசைத்து மறுத்தார்.

"அவர் அவிழ்க்கப் பாத்தாரா?" என்று தையற்காரி கேட்டாள். கேள்வி அண்ணியிடம்.

அண்ணி திரையில் முடிச்சைப் பெரிதாக்கச் சொன்னார். சுவரில் நாரின் தடங்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு கிடந்தன.

"இல்லம்மா. நகத்தால நெம்பின மாதிரிகூடத் தளரல. நல்லா இறுகியிருக்கு. இழுத்திருக்கார். தூக்கச் சொல்லி டைவர்ங்க கயிறை இழுப்பாங்க இல்லையா, அப்படி. பக்கிளைத் தட்டியிருந்தா கழண்டிருக்கும், மேல வந்திருக்கலாம். தட்டல." அண்ணி மீதியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் கேட்டவளுக்குப் பாதி உண்மை கொடுத்து அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. "மேல பிடிச்சுகிட்டு இருக்கிறது மச்சான்தானேன்னு நம்பியிருக்கார்."

தரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர்கள் அழும் சத்தம் போலவே இல்லை அது. பளிச் குனிந்து அவர் கையைப் பிடித்து எழுப்பினார். வெளியே அழைத்துப் போனார். விஞ்ஞானியும் அண்ணியும் பின்னால் வந்தார்கள்.

தையற்காரி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த வெறுமையான முடிச்சின்மேல் விரலை வைத்தாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். வேலை முடிந்து தாமதமாக வீடு வந்த கணவனைத் திட்டுகிற அதே குரலில், ஆத்திரமாக, உரிமையாக.

"அறிவிருக்கா உங்களுக்கு? பக்கிளைத் தட்டிட்டு வர வேண்டியதுதானே? எவ்வளவு கோபத்தைச் சேத்து வச்சிருந்தேன் தெரியுமா? வரட்டும், வந்ததும் நிக்க வச்சுக் கேக்கணும், எங்க போனீங்க, அவ யாரு, என்னைவிட எதுல உசத்தின்னு. தினம் தினம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துப்பேன். ஒண்ணையும் கேக்க முடியாமப் பண்ணிட்டீங்களே. என்னை விட்டு எங்கயும் போகலியே நீங்க. எங்கயுமே போகலியே."